கொச்சி யூதர்களின் பாட்டைத் தேடி: மட்டாஞ்சேரியிலிருந்து சேந்தமங்கலம் வரை

ஞாயிறு, மட்டாஞ்சேரி

யூதர்களின் தொழுகை இடமான பரதேசி சினகாக் வெள்ளி பிற்பகலிலும் சனிக்கிழமையும் மூடியிருக்கும், ஓய்வுநாள். அதனால் ஞாயிறு காலை கதவு திறக்கும் நேரத்துக்கே வாசலில் போய் நின்றேன். சுற்றுலாக் கூட்டம் வந்து நிறைவதற்குள் கொஞ்ச நேரம் அந்தக் கூடத்தில் தனியாக நிற்க ஆசை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பாட்டு. கொச்சி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடி வந்த பாட்டுகள் சிலவற்றை, ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004இல் இசைத்தட்டாக வெளியிட்டது. வயதான பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். மேளம் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை. மெட்டு ஒரு சில சுரங்களுக்குள்ளேயே போய் வருகிறது. கேட்கக் கேட்க, இவர்கள் எந்தக் கூரையின் கீழ் இருந்து இதையெல்லாம் பாடினார்கள் என்று பார்க்கத் தோன்றியது. கூடவே, அந்தக் கூரையைச் செதுக்கிய ஆசாரிகளின் வேலையையும்.

காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரும்பாலான நாடுகளின் யூத ஆலயங்களில் இந்த வழக்கம் கிடையாது. கேரளத்தில் கோயிலுக்கும் மசூதிக்கும் என்ன மரியாதையோ அதுவே இங்கும். வெறுங்காலில் முதலில் தெரிவது தரையின் குளிர்ச்சி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனாவின் கான்டனிலிருந்து கப்பலில் வந்த ஓடுகள். வெள்ளைப் பளபளப்பின் மேல் நீலத்தில் கையால் தீட்டிய படங்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். குனிந்து ஒரு வரிசையை மட்டும் பார்த்தேன். ஒரே மரத்தைத்தான் வரைந்திருக்கிறார்கள், ஆனால் ஒன்றில் தூரிகை அழுந்தி நீலம் கறுத்திருக்கிறது, பக்கத்தில் இருப்பதில் நுனி வறண்டு கோடு பிரிந்திருக்கிறது.

நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. இதை தேபா என்கிறார்கள். அதில் நின்றுதான் யூத வேதமான தோராவின் வாசிப்பு. மேலே பெல்ஜியத்துக் கண்ணாடிச் சரவிளக்குகளும், எண்ணெய் ஊற்றி ஏற்றும் வண்ணக் கண்ணாடி விளக்குகளும் தொங்குகின்றன. மேற்குச் சுவரில் ஹேக்கல், அதாவது தோராச் சுருள்களை வைக்கும் பேழை. ஜெருசலேம் இங்கிருந்து மேற்கே இருப்பதால் தொழுகிறவர்கள் முகம் அந்தப் பக்கம். மனித உருவம் எங்கும் கிடையாது. விக்கிரகம் கூடாது என்ற கட்டளை இருப்பதால் கலைஞனின் கை முழுக்கக் கொடியிலும் பூவிலும் கிரீடத்திலும் இறங்கியிருக்கிறது.

தோராச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான். உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, இசைக்குறியும் இல்லை. வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லின் ராகத்தையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். குருவிடம் உட்கார்ந்து வேதம் கற்பதைப் போன்ற உழைப்பு இது. அந்த வாசிப்புக்கும் துதிப்பாடல்களுக்கும் கொச்சியாருக்கென்று ஒரு முறை உண்டு; ‘ஷிங்லி’ முறை என்று பெயர். ஷிங்லி என்பது அவர்கள் வழக்கில் கொடுங்கல்லூர். போர்ச்சுகீசியர் காலத்தில் அங்கிருந்து கிளம்பி, கொச்சி ராஜாவின் அரண்மனையை ஒட்டிக் கிடைத்த இடத்தில் 1568இல் இந்தப் பள்ளியைக் கட்டினார்கள் (கேரளத்தில் சினகாகையும் பள்ளி என்பதே வழக்கம்). 1662இல் போர்ச்சுகீசியர் இதையும் தாக்கினார்கள். டச்சுக்காரர் வந்த பிறகு சீர்செய்யப்பட்டது. மணிக்கூண்டு 1760இல் வந்தது. பக்கத்துச் சுவர் பழயன்னூர் பகவதி கோயிலுடையது. கோயில் மணி அடித்தால் இங்கே தெளிவாகக் கேட்கிறது.

செப்பேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தது. இந்தப் பள்ளியின் உடைமை. எழுத்து வட்டெழுத்து. மொழி, நிதானமாகப் படிக்கும் தமிழருக்குப் பெரும்பாலும் பிடிபடும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் பெயர் அதில் வருகிறது. நம் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் அந்தப் பெயர் உண்டு. பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று 72 வீடுபேறுகள், அதாவது உரிமைகள். அந்த வரிசையில் வடுகப் பறையும் காளமும் இருக்கின்றன. பறை கொட்டி, காளம் ஊதி ஊர்வலம் போகும் உரிமை! இந்தச் சமூகத்துக்கு மன்னன் கொடுத்தவற்றில் ஓசையும் ஒன்று என்று நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது.

திங்கள், ஜூ டவுன்

பள்ளியிலிருந்து நீளும் தெரு முழுக்க இப்போது பழம்பொருள் கடைகளும் மசாலாக் கடைகளும்தான். ஏலம், சுக்கு, மிளகு வாசனை மூக்கை விட்டுப் போவதில்லை. நடுவில் சாரா கோஹனின் தையல் கடை. 2019இல் 96 வயதில் காலமானார். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட முஸ்லிம் குடும்பம் கடையை அப்படியே வைத்திருக்கிறது.

அங்கே ஒரு ரொட்டி மூடுதுணியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓய்வுநாள் இரவு மேசையில் இரண்டு ரொட்டி வைத்து, ஆசீர்வாதம் சொல்லும்வரை துணியால் மூடி வைப்பார்கள். பாலைவனத்தில் மன்னா என்ற வானத்து உணவு பொழிந்தபோது, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்ததன் நினைவு. வெள்ளைத் துணியில் ஹீப்ரு எழுத்துகளைக் காம்புத் தையலில் வளைத்து, ஓரத்தில் சங்கிலித் தையலால் கொடி ஓட்டியிருந்தார்கள். துணியைத் திருப்பினால் பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தம். ஒரு முடிச்சு கூடத் துருத்தவில்லை. சரிகை, வெள்ளி, மரம் என்று ஆண்கள் செய்த வேலைகள் பள்ளியில் இருக்கின்றன. வீட்டுக்குள் இருந்த வழிபாட்டுக் கலை இந்த மாதிரித் துணியிலும் பாட்டிலும்தான் இருந்தது. இரண்டும் பெண்கள் கையில்.

மதியம் நெகேமியா மோத்தாவின் கல்லறைக்குப் போனேன். 1615இல் இறந்த ஞானி, ஹீப்ரு துதிப்பாடல்கள் எழுதிய கவிஞர். ஷிங்லி முறைப் பாடல்களின் தொகுப்பு 1757இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகிக் கொச்சிக்கு வந்தது. வெள்ளையடித்த சின்னக் கல்லறை, வீடுகளுக்கு நடுவே. உருகி வழிந்த மெழுகு கல்லில் தடிப்பாகப் படிந்திருக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இங்கே நேர்ந்துகொண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

அப்புறம் கடவும்பாகம் பள்ளி. 1544இல் தோன்றியது என்பார்கள். உள்ளே இருந்த மரவேலையை 1990களில் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகம் வாங்கிப் பிரித்து எடுத்துக்கொண்டு போய், அங்கே முழுக் கூடமாக மறுபடி பொருத்தி வைத்திருக்கிறது. இங்கே நின்ற வெற்றுக் கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. மரம் அங்கே பத்திரமாக இருப்பதில் சந்தோஷம்தான். ஆனாலும் சுவரையும் கூரையையும் இங்கேயே காப்பாற்றியிருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

இந்தத் தெருவைப் பற்றி எழுதும்போது மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வழிவந்தோருக்கு அந்தப் பள்ளிக்குள் சம இடம் தரப்படவில்லை. முன்னறையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அழைப்பு வராது. அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சாலெம் காந்திய வழியில் பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் இருந்து அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ரூபி டேனியலும் அதே பிரிவுதான். 1912இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் வேலை பார்த்தவர், 1951இல் இஸ்ரேலில் குடியேறியவர். மலையாளப் பாட்டுகளை நினைவிலிருந்தும் நோட்டுகளிலிருந்தும் சேகரித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, ஆய்வாளர்கள் கையில் சேர்த்தவர் அவர். வாசிக்க அழைக்கப்படாதவர்களின் வீட்டுப் பெண் பாட்டைக் காப்பாற்றினார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர் பெயரை அந்தத் தெருவில் கல்லில் வெட்டலாம்.

செவ்வாய், வடக்கு பரவூர்

எர்ணாகுளத்திலிருந்து பஸ். பரவூர்ப் பள்ளி தெருவை ஒட்டி நீளமாக உள்ளே போகிறது. முதலில் வாசல் கட்டடம், பிறகு தூண்கள் வரிசையிட்ட நடை, முற்றம், முன்னறை, கடைசியில்தான் தொழுகைக் கூடம். நம் கோயில்களில் கோபுரம் தாண்டி மண்டபம் மண்டபமாக நடப்பவர்களுக்கு இந்த வரிசை பழகியதாகவே இருக்கும். இப்போதைய கட்டடம் 1616ஐ ஒட்டி எழுந்தது. எழுப்பியவர் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார். ஆமாம், முதலியார். கொச்சி ராஜா யூதர்களின் தலைவருக்குக் கொடுத்த பட்டம் அது.

முசிறிஸ் மரபுத் திட்டத்தில் பழுதுபார்த்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். வேலை நன்றாக இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கூரை எதிலும் அவசரம் தெரியவில்லை. ஹேக்கலும் தேபாவும் மட்டும் மூலத்தைப் பார்த்துச் செய்த நகல்கள். மூலங்கள் ஜெருசலேமில்.

நான் அதிக நேரம் இருந்தது மாடியில். கேரள சினகாகுகளில் மட்டும் காணக்கூடிய ஒரு அமைப்பு இருக்கிறது. கூடத்தின் நடுவில் ஒரு தேபா இருக்க, மேல் மாடத்தின் முன்விளிம்பில் இரண்டாவது தேபா ஒன்று. விசேஷ நாட்களில் தோராவை மேலே கொண்டுபோய் வாசிப்பார்கள். அந்த மாடத்துக்கு நேர் பின்னால், மரச் சட்டத் தட்டிக்கு அப்பால், பெண்கள் உட்காரும் இடம். பெண்கள் தெருப்பக்க வாசல் கட்டடத்திலேயே படியேறி, மேல் நடை வழியாகவே அங்கே வந்துவிடலாம்.

தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வாசிப்பவர் நிற்கும் இடம் சில அடி தூரம்தான். அவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டிருக்கும். மற்ற நாடுகளின் பல ஆலயங்களில் பெண்கள் எங்கோ பின்னால், எங்கோ உயரத்தில் உட்கார்ந்து கீழிருந்து வரும் குரலைக் கேட்பார்கள். இங்கே வருஷத்தின் முக்கியமான நாட்களில் வேதம் அவர்கள் மடிக்குப் பக்கத்திலேயே வாசிக்கப்பட்டது. ஆண்கள் காதில் பெண்குரல் விழக் கூடாது என்று பல யூத சமூகங்களில் இருக்கும் கட்டுப்பாடு கொச்சியில் கிடையாது. ஹீப்ரு துதிப்பாடல்களைப் பெண்கள் ஆண்களோடு சேர்ந்தே பாடினார்கள். ஹீப்ரு பாட்டின் மெட்டை எடுத்து அதே பொருளில் மலையாளப் பாட்டு கட்டியதும் உண்டு. இந்த மாடத்தில் உட்கார்ந்து கேட்ட காதுகள்தான் அதைச் செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாட்டுகள் இருந்தது நோட்டுகளில். பெண்கள் மலையாளத்தில் கையால் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளுக்கு, அத்தையிடமிருந்து மருமகளுக்கு என்று போன நோட்டுகள். கல்யாணப் பாட்டு, வாழ்த்துப் பாட்டு, யோசேப்பு, மோசே கதைகள், இந்தந்தப் பள்ளியை இன்னின்னார் கட்டினார்கள் என்று ஊர்ப்பெருமை சொல்லும் பாட்டுகள். கிளியைக் கூப்பிட்டுப் பேசும் பாட்டு ஒன்று இருக்கிறது. மலையாளக் கிளிப்பாட்டு மரபைச் சேர்ந்தது. நோட்டில் சொற்கள் உண்டு, மெட்டு கிடையாது. மெட்டு குரலில்தான் இருந்தது. பழஞ்சொற்கள் தேய்ந்து, பாடுகிறவர்களுக்கே பொருள் தெரியாமல் போன வரிகளும் உண்டு. அப்படியும் விடாமல் பாடியிருக்கிறார்கள்.

காவலரிடம் அனுமதி கேட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தட்டிக்குப் பின்னால் இருந்தபடியே கல்யாணப் பாட்டு ஒன்றைக் கேட்டேன். ஒருவர் தொடங்க, மற்றவர்கள் அரை வரி தாண்டிச் சேர்ந்துகொள்கிறார்கள். எல்லாக் குரலும் ஒரே சுரத்தில் நிற்பதில்லை. ஒருவர் கொஞ்சம் மேலே, ஒருவர் கொஞ்சம் இழுத்து. வட்டமாக நின்று கைதட்டிச் சுற்றி வருவதற்கான தாளம். நான் போன நேரத்தில் கட்டடத்தில் பாட்டு எதுவும் ஒலிக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அதைத்தான் எழுதினேன்: பெண்கள் மாடத்தில் மட்டுமாவது, குறைந்த ஒலியில், இந்தப் பாட்டுகளைப் போட்டு வையுங்கள். ஒலிப்பதிவு இருக்கிறது, இடமும் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பதுதான் பாக்கி.

புதன், சேந்தமங்கலம்

பரவூரிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம். கைத்தறிக்குப் பேர்போன ஊர். வழியில் தறி ஓசை கேட்கலாம். பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த இடம், கொச்சி ராஜாவின் பரம்பரை அமைச்சர்களான பாலியத்து அச்சன்மார்களின் ஊர். கோயில், மசூதி, தேவாலயம், யூதப் பள்ளி நான்கும் அடுத்தடுத்து.

பள்ளி முற்றத்தில் ஒரு கல் நிற்கிறது. இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல், ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு எழுத்துகளில் மிகப் பழையது என்று கருதப்படுகிறது. மழையில் மழுங்கிய எழுத்துகளை விரலால் தொடாமல் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். அதுவும் ஒரு பெண்ணின் பெயர்.

உள்ளே போனால் கண் நிறைகிறது. பரவூரில் நகலாக இருந்தது இங்கே மூலமாகவே நிற்கிறது. சிவப்பும் பொன்னும் பூசிய ஹேக்கல். மேலே மரத்தாலான உள்கூரை, கட்டம் கட்டமாகத் தாமரை. மாடத்தின் இரண்டாவது தேபா விளிம்பிலிருந்து வயிறு தள்ளினாற்போல் வளைந்து வெளியே வருகிறது. அதன் கைப்பிடிக்குக் கீழே கடைசல் பிடித்த சின்னத் தூண்கள். கடைசலில் மரம் சுழலும்போது உளி விழுந்த வட்ட வரிகள் சாயத்துக்கு அடியில் இன்னும் தெரிகின்றன. கோயில் தேருக்கும் பகவதி விமானத்துக்கும் உழைத்த அதே ஆசாரிக் கைகள்தான் இதையும் செய்திருக்கும். யாளிக்கும் தேவதைக்கும் இங்கே இடமில்லாததால் அவர்களுக்குக் கிடைத்தது கொடியும் தாமரையும் மட்டும். அந்தக் குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு ஒரு சுவர் முழுக்கச் சலிக்காமல் செதுக்கியிருக்கிறார்கள். கொடி ஒன்றைக் கீழிருந்து மேல்வரை கண்ணால் தொடர்ந்தால், இலை ஒவ்வொன்றும் நரம்போடு திரும்பியிருக்கிறது.

இங்கே நின்று சிம்ஹத் தோரா திருநாளைக் கற்பனை செய்து பார்த்தேன். ஆண்டு முழுக்க வாசித்த தோரா முடிந்து, மறுபடி தொடங்கும் நாள். கொச்சியாரிடம் இது மிகப் பெரிய விழா. திருநாளுக்கு முன்பே ஹேக்கலிலிருந்து சுருள்களை எல்லாம் வெளியே எடுத்து, பட்டு விரித்த தற்காலிகப் பீடத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். இங்கே சுருள்கள் துணியுறைக்குள் இருப்பதில்லை. வெள்ளித் தகடு போர்த்திய மரக்கூட்டுக்குள் செங்குத்தாக நிற்கும், உச்சியில் கிரீடம். பிற்பகலில் அவற்றைத் தோளில் ஏந்தி, பாடிக்கொண்டே பள்ளியின் வெளிச்சுற்றை வலம் வருவார்கள். விழா முடிந்ததும் பீடத்தைப் பிரித்துவிடுவார்கள். அரங்கேற்றி, வலம் வந்து, பிறகு கலைப்பது என்ற இந்த ஒழுங்கு மற்ற யூதர்களிடம் இல்லை என்றும், சுற்றியிருந்த கோயில் விழாக்களின் சாயல் இதில் இருக்கிறது என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முற்றத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். பாடிக்கொண்டே மெதுவாக நடக்க நல்ல அளவு.

கல்யாண வாழ்த்துப் பாட்டுகளில் சில, கேரளத்தின் கனானாய கிறித்தவப் பெண்களின் பாட்டுகளோடு வரிக்கு வரி ஒத்துப்போவதாகவும் கண்டிருக்கிறார்கள். நான்கு வழிபாட்டிடங்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் ஊரைப் பார்த்த பிறகு அதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் பாடினால் அடுத்த வீட்டுத் திண்ணைக்குக் கேட்கும்.

வியாழன், எர்ணாகுளம்

இன்று சுருக்கமாக. மார்க்கெட் பக்கத்து நெரிசலில் இன்னொரு கடவும்பாகம் பள்ளி இருக்கிறது. முன்பக்கம் அலங்கார மீனும் செடியும் விற்கும் கடை. தொட்டிகளுக்கு நடுவே வழி கேட்டு நுழைந்தால் பின்னால் கூடம், ஹேக்கல், இரண்டாவது தேபா எல்லாம் அதே இலக்கணத்தில். சேந்தமங்கலத்தைப் பார்த்த கண்ணுக்கு மரவேலை கொஞ்சம் எளிமை. ஆனால் அருங்காட்சியகம் ஆகாமல் யூதர்கள் கையிலேயே இருப்பதால் இங்கே வேறு ஒரு உயிர்ப்பு.

கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். 1950களின் நடுவில் ஊர் ஊராகக் குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் கிளம்பிய பிறகு, பத்துப் பேரைச் சேர்ப்பதே கஷ்டமானது. பாட்டு மட்டும் அவர்களோடு போய்விட்டது. நெவாதிம், மெசிலாத் சீயோன், தாவோஸ் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் கொச்சிப் பெண்கள் குழுவாகக் கூடிப் பாட ஆரம்பித்தார்கள். நெவாதிமில் கொச்சி பாணியிலேயே ஒரு சினகாக் இருக்கிறது. 2005இல் ஆய்வாளர்கள் ஸ்கறியா சக்கறியாவும் ஒஃபிரா கம்லியலும் பாட்டுகளைத் தொகுத்து, மலையாளமும் ஹீப்ருவும் எதிரெதிர் பக்கமாக ஜெருசலேமில் புத்தகம் கொண்டுவந்தார்கள். மலையாளம் பேசத் தெரியாத பேத்திகளுக்கு இப்போது பொருள் கிடைக்கிறது. மெட்டைப் பாட்டிகள் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தமிழில் இந்தப் பாட்டுகளை யாராவது பெயர்க்க வேண்டும். பழைய மலையாளம் தெரிந்த தமிழருக்கு இது எட்டாத வேலை இல்லை. பாதிச் சொற்கள் நம்முடையவைதான்.

போக நினைப்பவர்களுக்கு: மட்டாஞ்சேரியில் கூடத்துக்குள் படம் எடுக்க முடியாது, மாடிக்கும் விட மாட்டார்கள். மாடத்தைப் பார்க்க வேண்டுமானால் பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும்தான் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் தனித்தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் பாட்டுகளைக் கேட்டுவிட்டுப் போங்கள். பரவூரில் படியேறினால் வலப்பக்கம் இடப்பக்கம் பார்க்காமல் நேராகத் தட்டிக்குப் பின்னால் போய் உட்காருங்கள்.